தொட்டிலில் தொடங்கும் இதய நோய்!

மாரடைப்பு என்றதும், ஐம்பது வயதைக் கடந்த, எண்ணெய்ப் பலகாரத்தில் நாட்டம் கொண்ட, நடைப்பயிற்சியை மறந்த ஒருவரின் உருவம்தான் பெரும்பாலானோரின் மனக்கண்ணில் தோன்றுகிறது. மத்திய, மாநில அரசுகளின் விழிப்புணர்வுப் பிரசாரங்களும் அவரை நோக்கியே பேசுகின்றன. உப்பைக் குறையுங்கள், புகையிலையைக் கைவிடுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்னும் அறிவுரைகள் அனைத்தும் சரியானவையே. ஆனால், அவை நோயின் பிற்பகுதியைத்தான் தொடுகின்றன. அதன் முற்பகுதி தாயின் கருவறையிலும், பிறந்த பின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் உருவாகிவிடுகிறது என்பதை இந்திய மண்ணில் நடந்த ஆய்வுகளே கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லி வருகின்றன. சொல்லியும் என்ன, நாட்டின் இதய நோய்த் தடுப்புக் கொள்கையில் குழந்தைக்கு இன்னமும் இடம் கிடைக்கவில்லை.

1990-ல் இந்தியாவில் நிகழ்ந்த மொத்த மரணங்களில் இதய, ரத்தக் குழாய் நோய்களின் பங்கு 15.2 சதவீதம். 2016-ல் அது 28.1 சதவீதம். நோய் பெருகியிருப்பது மட்டுமல்ல, சீக்கிரமாகவும் வருகிறது. 52 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு ஏற்படும் நடுத்தர வயது 53 என்றும், பிற நாட்டவர்க்கு அது ஏறத்தாழ 59 என்றும் தெரியவந்தது. பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் முடியாத வயதில் குடும்பத் தலைவர் சாய்வது என்பது மருத்துவப் பிரச்னை மட்டுமல்ல. ஒரு குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழே சரியும் நிகழ்வும் அதுவே.

இதே நாட்டின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 19.3 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள். 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்த சோகை. அதே பெண்களில் 24 சதவீதத்தினர் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள். 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது.

மெலிவு ஏழைகளின் பிரச்னை, பருமன் வசதி படைத்தவர்களின் பிரச்னை என்று இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதே இதுவரை வழக்கமாக இருந்துள்ளது. அந்தப் பிரிவினை தவறு. சிறு வயதில் மெலிந்திருந்தவரே பிற்காலத்தில் பருக்கும்போதுதான் இதயம் அதிக விலை கொடுக்கிறது.

பழைய பதிவேடுகளின் சாட்சியம்: இந்தச் சிந்தனைக்கு வித்திட்டவர் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர். ஒரு நூற்றாண்டுக்கு முன் குழந்தைச் சாவுகள் மிகுந்திருந்த ஏழ்மையான பகுதிகளில்தான் பிற்காலத்தில் இதய நோய்ச் சாவுகளும் மிகுந்திருந்தன என்பதை அவர் 1986-ல் சுட்டிக்காட்டினார். வளமான வாழ்வின் நோய் என்று கருதப்பட்ட ஒன்று வறுமையின் வழித்தடத்தில் செல்வது எப்படி என்ற கேள்வி எழுந்தது.

விடை ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் வட்டாரத்தின் பழைய பதிவேடுகளில் கிடைத்தது. அங்கே 1911 முதல் செவிலியர்கள் ஒவ்வொரு குழந்தையின் எடையையும் பிறந்தபோதும், ஒரு வயது நிறைந்தபோதும் குறித்து வைத்திருந்தனர். 1911-க்கும் 1930-க்கும் இடையே பிறந்த 5,654 ஆண்களின் வாழ்வையும் சாவையும் பார்க்கர் குழுவினர் அந்தப் பதிவேடுகளுடன் ஒப்பிட்டனர். பிறப்பிலும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்தவர்களே இதய நோயால் அதிகம் இறந்திருந்தனர். 1989-ல் வெளியான இந்த முடிவை மருத்துவ உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இங்கிலாந்துக்குப் பொருந்துவது ஏழை நாடுகளுக்குப் பொருந்துமா என்ற ஐயமும் இருந்தது.

அந்த ஐயத்துக்குப் பதில் மைசூரிலிருந்து வந்தது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்த குழந்தைகளின் எடைக் குறிப்புகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவர்களில் 517 பேரைத் தேடிக் கண்டுபிடித்துப் பரிசோதித்தனர் ஆய்வாளர்கள். 2.5 கிலோவோ அதற்குக் குறைவாகவோ எடையுடன் பிறந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு இதய நோய் இருந்தது. 3.1 கிலோவோ அதற்கு அதிகமாகவோ இருந்தவர்களில் அது 3 சதவீதம் மட்டுமே. 1996-ல் வெளியான இந்த ஆய்வு, பிறப்பு எடைக்கும் இதயத்துக்குமான தொடர்பு இந்தியர்களிடமும் உண்டு என்பதைக் காட்டியது.

தில்லி சொல்லும் பாடம்: பிறப்பு எடையுடன் கதை முடிந்துவிடவில்லை. அதன் அடுத்த பகுதியைச் சொன்னது தலைநகர் தில்லி. 1969-ல் தெற்கு தில்லியில், லஜ்பத் நகரை உள்ளடக்கிய சுமார் 12 சதுர கிலோமீட்டர் பரப்பில், சுமார் 20 ஆயிரம் திருமணமான பெண்களைக் கணக்கெடுத்து, அவர்களுக்கு 1972 வரை பிறந்த 8 ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பின்தொடரும் பணி தொடங்கியது. அன்றைய அளவுகோலில் இக்குடும்பங்கள் பரம ஏழைகள் அல்ல. பெற்றோரில் பெரும்பாலோர் எழுத்தறிவு பெற்றவர்கள். ஆயினும், 43 சதவீதக் குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்ந்தன. முன்னேறத் துடித்துக்கொண்டிருந்த நகர்ப்புற இந்தியாவின் மாதிரி என்று அவர்களைக் கருதலாம்.

குழந்தைகளின் எடையும் உயரமும் பிறந்தபோதும், அதன் பின் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும் பதின்ம வயது வரை அளக்கப்பட்டன. அவர்களில் 1,492 பேர் 26 முதல் 32 வயதில் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். அந்த இள வயதிலேயே 4.4 சதவீதத்தினருக்கு சர்க்கரை நோயும், 10.8 சதவீதத்தினருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருந்தன. இவ்விரண்டும் இதய நோய்க்கு நேர்வழி என்பது அனைவரும் அறிந்ததே.

2004-ல் வெளியான இந்த ஆய்வின் முக்கியமான செய்தி வேறு. பாதிக்கப்பட்டவர்கள் சிறு வயதில் குண்டுக் குழந்தைகளாக இருந்தவர்கள் அல்லர். இரண்டு வயது வரை அவர்கள் மெலிந்திருந்தார்கள். அதன் பின் மற்றவர்களைவிட வேகமாகச் சதை போட்டார்கள். அப்போதும்கூட 12 வயதில் அவர்களில் ஒருவரும் மருத்துவ இலக்கணப்படி பருமனானவர் அல்லர். எந்த ஒரு நாளில் எடை பார்த்திருந்தாலும், நலமான பிள்ளை என்றே சொல்லியிருப்பார்கள். ஆபத்து எடையில் இல்லை. மெலிவிலிருந்து சதைப்பற்றுக்குச் சென்ற பாதையில் இருந்தது.

பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 1934 முதல் 1944 வரை பிறந்த 8,760 பேரிடம் நடத்தப்பட்டு, 2005-ல் வெளியான ஆய்விலும் இதே பாதை தெரிந்தது. பிற்காலத்தில் மாரடைப்புக்கு உள்ளானவர்கள் பிறப்பில் சிறுத்து, இரண்டு வயதில் மெலிந்து, அதன் பின் வேகமாக எடை கூடியவர்களாக இருந்தனர். தமிழகத்தில் வேலூர் நகரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்து, பின்தொடரப்பட்டவர்களிடமும் சிறு வயது மெலிவும் பிற்கால எடைக் கூடுதலும் சேர்ந்த இடத்தில் ரத்தச் சர்க்கரைக் கோளாறு மிகுந்திருந்தது. ஊரும் நாடும் மாறினாலும் உடலின் இயல்பு மாறவில்லை.

உடல் செய்யும் சமரசம்: இதற்கான காரணம் விந்தையானதல்ல. கருவிலிருக்கும் குழந்தைக்கு வரும் உணவு குறையும்போது, உடல் தனக்குள் ஒரு பங்கீடு செய்கிறது. மூளைக்கு முதலிடம் தரப்படுகிறது. சிறுநீரகம், கணையம், தசை ஆகியவற்றின் பங்கு குறைக்கப்படுகிறது. ரத்தத்தை வடிகட்டும் சிறுநீரக நுண்ணலகுகளின் எண்ணிக்கை நிறைமாதக் குழந்தைக்குப் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடும். அதன் பின் அவை புதிதாக உருவாவதில்லை. குறைந்த எண்ணிக்கையில் உள்ளவை வாழ்நாள் முழுவதும் கூடுதல் சுமையைச் சுமக்க வேண்டியிருப்பதால், ரத்த அழுத்தம் உயர வழி ஏற்படுகிறது. இன்சுலின் சுரக்கும் செல்கள் குறைந்தால், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் திறனும் குறைகிறது. தசை குறைந்தால், உண்ட சர்க்கரையைச் செலவழிக்க இடமில்லாமல் போகிறது.

இந்தியக் குழந்தைக்கு இதில் தனிச் சிக்கலும் உண்டு. புணேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தலைமையிலான குழுவினர் கிராமப்புறக் குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளுடன் ஒப்பிட்டபோது, சராசரியாக 2.7 கிலோ எடையுடன் பிறக்கும் இந்தியக் குழந்தை தசையிலும் உள்ளுறுப்புகளிலும் வெகுவாகக் குறைந்திருப்பதையும், தோலுக்கு அடியிலான கொழுப்பில் அவ்வளவாகக் குறையவில்லை என்பதையும் கண்டனர். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்த அமைப்புடன் பிறக்கும் குழந்தை, பற்றாக்குறைக்காகத் தயார் செய்யப்பட்ட உடலைக் கொண்டது. அந்த உடல் பின்னர் மிகையான உணவையும் உழைப்பில்லாத வாழ்க்கையையும் சந்திக்கும்போது தடுமாறுகிறது. கிராமத்தில் பிறந்து நகரத்தில் குடியேறும் கோடிக்கணக்கானோரின் நிலைமை இதுவே.

எதிர்வாதங்கள்: இந்த வாதத்தை மறுப்பவர்களின் கேள்விகளும் கவனத்துக்குரியவை. மாரடைப்பு ஆபத்தில் பெரும்பகுதியைப் புகையிலை, கொழுப்புச் சத்து, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வயிற்றுப் பருமன் போன்றவற்றால் விளக்கிவிடலாம் என்று 2004-ல் வெளியான, முன்னர் குறிப்பிட்ட 52 நாட்டு ஆய்வு காட்டியது. அப்படியிருக்க, கருவறையை ஆராய வேண்டிய தேவை என்ன என்று அவர்கள் கேட்கின்றனர். ஆனால், ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் வயிற்றுப் பருமனும் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் விடை இல்லை. அவற்றின் வேர்களில் ஒன்றைத்தான் தில்லியும் மைசூரும் காட்டியுள்ளன. இரு தரப்பும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. எடை குறைந்து பிறந்தவர் புகைபிடித்தால் ஆபத்து கூடும். நல்ல எடையுடன் பிறந்தவருக்கும் புகையிலை மன்னிப்பு வழங்குவதில்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. எடை குறைந்து பிறப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். நோய்க்குக் காரணம் வறுமையா, கருவறைப் பட்டினியா? சிறு வயதில் கூடுதல் உணவு கொடுத்தால் இதயம் காக்கப்படும் என்பதற்குச் சான்று உண்டா?

முழுமையான சான்று இல்லாவிட்டாலும் ஓர் அரிய சான்று உண்டு. 1987 முதல் 1990 வரை ஹைதராபாதுக்கு அருகிலுள்ள கிராமங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் படிப்படியாக விரிவுபடுத்தப்பட்டது. சில கிராமங்களில் கருவுற்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு சுமார் 500 கலோரியும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு சுமார் 300 கலோரியும் தரும் சத்துணவு கிடைத்தது. பக்கத்துக் கிராமங்களில் அது அப்போது கிடைக்கவில்லை. அந்தக் குழந்தைகள் 13 முதல் 18 வயதை எட்டியபோது 1,165 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2008-ல் வெளியானது. சத்துணவு பெற்ற கிராமத்துப் பிள்ளைகள் 1.4 செ.மீ. உயரம் கூடுதலாக இருந்தனர். அவர்களுடைய உடலில் இன்சுலின் சிறப்பாகச் செயல்பட்டது. ரத்தக் குழாய்களின் விறைப்பு குறைவாக இருந்தது. ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. கிராமங்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பதும் ஆய்வின் குறைதான். எனினும், அங்கன்வாடியில் பரிமாறப்பட்ட எளிய உணவு பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ரத்தக் குழாயில் தெரிந்தது என்பது சாதாரணச் செய்தியல்ல.

காலம் தவறிய உணவு: தில்லி உள்பட ஐந்து நாடுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2013-ல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் தெளிவாக்கியது. முதல் இரண்டு ஆண்டுகளில் உயரமாக வளரும் குழந்தை படிப்பிலும் உயரத்திலும் பயன் பெறுகிறது, பிற்கால ஆபத்து அதனால் பெரிதாகக் கூடுவதில்லை. இரண்டு வயதுக்குப் பின் உயரத்துக்கு மிஞ்சி எடை கூடுவதுதான் தீங்கு செய்கிறது. அதாவது, ஊட்ட வேண்டிய காலத்தில் ஊட்டாமல் விட்டுவிட்டு, பின்னர் திணிப்பது ஈடாகாது.

இந்தியாவில் நடப்பதோ நேர்மாறு. 6 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் 11.3 சதவீதம் மட்டுமே என்கிறது அதே தேசிய குடும்ப நல ஆய்வு. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் சூடான உணவு கிடைக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுப் பொட்டலம்தான். அது பல வீடுகளில் மொத்தக் குடும்பத்துக்கும் பங்காகிறது. மிகவும் தேவைப்படும் வயதில் குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்பதைக் கேட்பாரில்லை. உயரத்துக்குத் தேவையான முட்டையை அங்கன்வாடியில் வழங்கலாமா என்பதே சில மாநிலங்களில் அரசியல் சர்ச்சையாக இருந்து வந்துள்ளது. 2017-ல் திருத்தப்பட்ட மத்திய அரசின் விலை விகிதத்தில் ஒரு குழந்தையின் ஒரு நாள் சத்துணவுக்கு ஒதுக்கப்பட்டது 8 ரூபாய். கருவுற்ற பெண்ணுக்கு 9.50 ரூபாய்.

மறுபுறம், பள்ளி செல்லும் வயதில் மெலிந்த பிள்ளையைத் தேற்றுவதாக எண்ணிச் சர்க்கரை மிகுந்த பானங்களையும் பொட்டலத் தின்பண்டங்களையும் பெற்றோர் வாங்கிக் கொடுக்கின்றனர். உயரத்துக்கும் ஊக்கத்துக்கும் உத்தரவாதம் தரும் விளம்பரங்கள் அதற்குத் தூபம் போடுகின்றன. கொழுகொழுவென்று இருப்பதே ஆரோக்கியம் என்ற நம்பிக்கை நகரங்களில் மட்டுமல்ல, கிராமங்களிலும் உண்டு. பெற்றோரைக் குறை சொல்வதில் பயனில்லை. எடையை மட்டும் காட்டி, உயரத்தைப் பற்றிப் பேசாத சுகாதாரத் துறைதான் அவர்களுக்கு அவ்வாறு கற்றுக்கொடுத்தது.

தாயிடம் தொடங்க வேண்டும்: குழந்தையின் வளர்ச்சி தாயின் உடலைப் பொருத்தது. தாயின் உடலோ அவர் சிறுமியாக இருந்தபோது உண்டதைப் பொருத்தது. கருவுற்ற பெண்களில் 52.2 சதவீதத்தினர் ரத்த சோகையுடன் இருக்கும் நாட்டில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 23.3 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே மணம் முடித்து வைக்கப்பட்ட நாட்டில், இதய நோய்த் தடுப்பு என்பது பெண்ணின் தட்டில் விழும் உணவிலிருந்தே தொடங்க வேண்டும்.

2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கருவுற்ற பெண்ணுக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத பேறுகால உதவியை உரிமையாக்கியது. அரசுப் பணியாளர்களும், வேறு சட்டங்களின்கீழ் அதே பயனைப் பெறுபவர்களும் மட்டுமே விலக்கு. 2017-ல் வந்த மத்திய அரசுத் திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் என்றது. மருத்துவமனைப் பிரசவத்துக்கான உதவியையும் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும் என்பது அரசின் விளக்கம். 2022 முதல் இரண்டாவது குழந்தைக்கும் உதவி உண்டு. ஆனால் அது பெண்ணாக இருந்தால் மட்டுமே. பெண் குழந்தையை வரவேற்கும் நோக்கம் நல்லதே. ஆனால், பிரசவத்துக்குப் பின் தெரியவரும் தகுதியை வைத்துக் கொடுக்கும் பணம் கர்ப்ப காலத்தில் தாயின் உணவாக எப்படி மாறும்?

இங்கேதான் நிர்வாகப் பிரிவினையின் தீங்கும் தெரிகிறது. குழந்தையின் சத்துணவு பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் பொறுப்பு. இதய நோய் சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. தொற்றா நோய்களுக்கான அரசுப் பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது. அங்கன்வாடிப் பதிவேடு ஆறு வயதில் முடிகிறது. 2018-ல் தொடங்கிய ஊட்டச்சத்து இயக்கத்தின் வழியே இன்று ஊழியர்கள் கைப்பேசியில் குழந்தையின் எடையையும் உயரத்தையும் பதிகின்றனர். ஆனால், அந்தப் பதிவு பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அந்தக் குழந்தையுடன் சேர்ந்து செல்வதற்கு வழி செய்யப்பட வேண்டும். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் செவிலியரும் மைசூர் மருத்துவமனையும் தங்கள் பதிவேடுகளைத் தூக்கி எறியாமல் காத்ததால்தான் உலகம் இந்த உண்மையை அறிந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை புதுமையானவை அல்ல. பேறுகால உதவியைச் சட்டம் சொன்ன அளவில், குழந்தையின் பாலினம் பாராமல், கர்ப்ப காலத்திலேயே வழங்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கான உணவில் தானியத்தைக் குறைத்து முட்டை, பால், பருப்பைக் கூட்ட வேண்டும். ஒதுக்கீட்டை விலைவாசியுடன் இணைக்க வேண்டும். அங்கன்வாடியில் எடையுடன் உயரத்தையும் துல்லியமாக அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுத் தாய்க்கு விளக்க வேண்டும். பள்ளிகளில் ஆண்டுதோறும் அதே அளவீடு தொடர வேண்டும். எடை குறைந்து பிறந்து, பின்னர் வேகமாகச் சதை போடும் பிள்ளைகளை அடையாளம் கண்டு, அவர்களுக்கு 30 வயது வரை காத்திராமல் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு பெரிதென்று நிதித் துறை சொல்லக்கூடும். ரத்தக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சைக்கும், வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளும் மாத்திரைகளுக்கும் ஆகும் செலவுடன் அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் வழியே பல ஆயிரம் கோடி ரூபாயைச் செலவிடத் தயங்காத அரசுகள், அந்தச் செலவைக் குறைக்கக்கூடிய முட்டைக்கும் பாலுக்கும் கணக்குப் பார்ப்பது நியாயமல்ல.

இன்று ஒரு வயது நிறையும் குழந்தைக்கு 2070-களின் பிற்பகுதியில் 53 வயதாகும். அப்போது அந்த இதயம் எப்படித் துடிக்கும் என்பது, அதன் தாய்க்கு உரிய நேரத்தில் உணவும் உதவியும் கிடைத்ததா, அதற்கு அடுத்த ஓராண்டில் என்ன ஊட்டப்படப் போகிறது என்பனவற்றையும் பொருத்தது. இதய நோய் மருத்துவமனைகளைக் கட்டுவதில் காட்டும் ஆர்வத்தில் ஒரு பகுதியையாவது ஆட்சியாளர்கள் அங்கன்வாடியின் மீது திருப்பட்டும்.